மண்ணின் ஈரமும் மாணவர் தராசும்

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிந்து செல்லும் திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் நீரைப் பற்றிப் பேசத் தெரியாதவர் ஒருவரும் இலர். மண்ணில் நிற்கும் ஈரத்தை அளந்து கூறத் தெரிந்தவரோ மிகச் சிலரே. இதனைக் குறையாக நாம் கூறவில்லை. கல்லணைக்கு அணித்தே வாழும் மக்களுக்கு, வாய்க்காலில் நீர் வந்ததா இல்லையா என்பதே தலைமுறை தலைமுறையாகக் கேள்வியாக இருந்து வந்தது. வந்த நீர் மண்ணுள் எவ்வளவு தங்கியது என்பதைக் கேட்க வேண்டிய அவசியம் அந்நாளில் நேரவில்லை. இன்று நேர்ந்துவிட்டது. ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்பட வேண்டிய மேட்டூர் அணை, 2024-ஆம் ஆண்டில் ஜூலை 28-ஆம் நாள்தான் பாசனத்துக்குத் திறக்கப்பட்டது என்பதை நம் அங்கத்தினர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சில மாதங்களுக்கு முன், பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் நடைபெற்ற விஞ்ஞானக் கண்காட்சிக்கு நாம் அழைக்கப்பட்டிருந்தோம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மண் நிறைந்த தொட்டியில் இரண்டு ஆணிகளை ஊன்றி, அவற்றை ஒரு மின்கலத்தோடும் சிறு விளக்கோடும் இணைத்து வைத்திருந்தான். உலர்ந்த மண்ணில் விளக்கு எரியவில்லை. ஒரு குவளை நீர் ஊற்றியதும் எரிந்தது. எல்லோரும் கைதட்டினர். அருகில் நின்ற வாழை விவசாயி ஒருவர் மட்டும், "தம்பி, ஈரம் இருக்கிறது என்பதை என் உள்ளங்காலே சொல்லிவிடும். எவ்வளவு இருக்கிறது, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று உன் விளக்கு சொல்லுமா?" என்று வினவினார். பையன் ஆசிரியரைப் பார்த்தான். ஆசிரியர் நேர்மையானவர், விடை கூறுவதற்குப் பதிலாக, அதே அளவு நீரில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்து வேறொரு தொட்டியில் ஊற்றினார். விளக்கு முன்னிலும் பிரகாசமாக எரிந்தது. நீர் கூடவில்லை, ஒளி மட்டும் கூடியது. "நேற்றுத்தான் பொட்டாசு தூவினேன். அப்படியானால் என் கொல்லையில் உன் விளக்கு ஜகஜ்ஜோதியாக எரியுமே!" என்று அப்பெரியவர் சிரித்தார். பையனின் முகம் வாடிவிட்டது.

அன்று முதல் அம்முகம் நம் நினைவை விட்டு நீங்கவில்லை. அவன் செய்தது தவறன்று. அவனுக்குப் பாதி வழியே காட்டப்பட்டது. மீதி வழியைக் காட்டுவது யார் பொறுப்பு என்பதே நம் கேள்வி. பள்ளியின் பொறுப்பு என்று கூறி ஒதுங்கிவிட நம்மால் இயலவில்லை. நம் சங்கங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சங்கங்களின் இருப்பைச் சரிபார்ப்பது நம் தொழில். அத்தொழிலில் நாம் முதலில் கற்ற பாடமே ஈரத்தைப் பற்றியதுதான். நெசவாளர் சங்கத்தில் நூல் சிப்பத்தை எடைபோடும்போது, நூலோடு நீரையும் சேர்த்தே எடைபோடுகிறோம். பருத்தி நூலுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட ஈரம், முற்றும் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 8.5 பங்கு, பட்டுக்கு 11 பங்கு. முற்றும் உலர்ந்த நிலையில் 50 கிலோ நிற்கும் பருத்தி நூல், முறையான ஈரத்தோடு 54 கிலோ 250 கிராம் நிற்க வேண்டும். அதே நூல் 12 பங்கு ஈரத்தோடு வந்து சேர்ந்தால் 56 கிலோ நிற்கும். மிகுதியான 1 கிலோ 750 கிராம் தண்ணீருக்கு நாம் நூல் விலை கொடுத்தவர்கள் ஆகிறோம். பிரான்சு தேசத்து லியோன் நகரில் பட்டின் ஈரத்தை அளந்து சான்று தருவதற்கென்றே 1805-ஆம் ஆண்டில் ஒரு பொது நிலையம் நிறுவப்பட்டது. வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் சந்தேகிக்காமல் இருக்க வேண்டுமானால், அளவை இருவருக்கும் பொதுவாக இருத்தல் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

விவசாய அங்கத்தினருக்கு ஈரம் என்னும் சொல் வேறிடத்தில் அறிமுகமானது. நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு செல்லும்போது, 17 சதவிகிதத்துக்கு மேல் ஈரம் இருத்தலாகாது என்பது விதி. மழை மிகுந்த சில ஆண்டுகளில் அது தளர்த்தப்பட்டதும் உண்டு. சிறு கருவி ஒன்றில் ஒரு பிடி நெல்லை இடுகிறார்கள். ஓர் எண் தோன்றுகிறது. அந்த எண்ணின்படி மூட்டை ஏறுகிறது, அல்லது களத்துக்குத் திரும்புகிறது. நமக்குத் தெரிந்த அங்கத்தினர் ஒருவர், மூன்று நாட்கள் சாலையோரத்தில் நெல்லைக் காய வைத்தும், எண் ஏன் இறங்கவில்லை என்பதை எவரிடம் கேட்பது என்று அறியாமல் திகைத்து நின்றார். கருவி சரியாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். அதனைச் சோதித்துப் பார்க்கும் வழியை அவர் அறிந்திலர் என்பதுதான் நமக்கு வருத்தம் அளித்தது. அவர் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். சதவிகிதக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவள் அவள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

ஈண்டு ஒரு நுட்பத்தைக் குறிப்பிடல் வேண்டும். நெல்லுக்கும் மண்ணுக்கும் ஈரச் சதவிகிதம் ஒரே முறையில் கணக்கிடப்படுவதில்லை. நெல்லில் 17 சதவிகிதம் என்றால், ஈர நெல் 100 கிராமில் 17 கிராம் நீர் என்பது பொருள். மண்ணுக்கும் நூலுக்கும் உலர்ந்த எடையையே அடிப்படையாகக் கொள்வார்கள். ஈர மண் 100 கிராம் எடுத்து, உலர்த்திய பின் 80 கிராம் நின்றால், போன நீர் 20 கிராம். அதனை 80-ஆல் வகுக்க, ஈரம் 25 சதவிகிதம். 17 சதவிகித நெல்லையே மண்ணின் கணக்கில் கூறினால் சுமார் 20½ சதவிகிதம் ஆகிவிடும். ஆதலின், "எத்தனை சதவிகிதம்?" என்று கேட்பதற்கு முன், "எதன்மேல் சதவிகிதம்?" என்று கேட்கப் பழகிய பிள்ளை, நூற்கடையிலும் நெற்களத்திலும் வயலிலும் ஏமாறாது.

மண்ணின் ஈரத்தைக் காண மாணவருக்கு என்னென்ன வழிகள் உள்ளன என்பதை இனிப் பார்ப்போம்.

முதல் வழி தராசு. இதுவே மற்றெல்லா வழிகளுக்கும் தாய். வயலில் வேரோடும் ஆழத்திலிருந்து மண் எடுத்து, மூடியுள்ள தகர டப்பாவில் இட்டு, உடனே எடைபோட வேண்டும். பிறகு 105 டிகிரி செல்சியசு வெப்பத்தில் ஒரு நாள் உலர்த்தி மீண்டும் எடைபோட வேண்டும். உலர்த்தும் அடுப்பு இல்லாத பள்ளியில், மணல் பரப்பிய சட்டியின்மேல் டப்பாவை வைத்து மெல்லச் சூடாக்கி, எடை மேலும் குறையாத நிலை வரும் வரை உலர்த்தலாம்; நுட்பம் சற்றுக் குறையுமேயன்றி, பாடம் குறையாது. வெயிலில் காய வைப்பது போதாது. காய்ந்ததாகத் தோன்றும் மண்ணிலும் நீர் ஒளிந்திருக்கும் என்பதை மாணவன் தன் தராசிலேயே காண்பான்.

இரண்டாவது வழி கண். இரண்டு கண்ணாடிக் குழாய்களின் அடியில் துணி கட்டி, ஒன்றில் ஆற்று மணலையும் மற்றொன்றில் உலர்ந்து பொடியாக்கிய வயல் களியையும் நிரப்பி, இரண்டையும் ஒரு தட்டு நீரில் நிறுத்தினால், ஈரம் மேலேறுவது கருமையான கோடாகத் தெரியும். மணலில் அக்கோடு விரைந்து ஏறி விரைவில் நின்றுவிடும். களியில் மெல்ல ஏறும், ஆனால் நாள்தோறும் ஏறிக்கொண்டே இருக்கும். மணிக்கொரு முறை காகிதத்தில் கோடிட்டு வைத்தால், காவிரிப் படுகை மண்ணில் நிற்கும் வாழைக்கும் உட்புறக் களி நிலத்தில் நிற்கும் நெல்லுக்கும் ஏன் ஒரே முறையில் நீர் விடலாகாது என்பது சொல்லாமலே விளங்கும். சதவிகிதம் ஒன்றாக இருந்தாலும், மணல் எளிதில் கொடுக்கும் நீரைக் களி தன்னுள் பிடித்துக்கொள்ளும். பயிருக்கு வேண்டியது மண்ணில் உள்ள நீரன்று. மண் விட்டுக் கொடுக்கும் நீரே.

மூன்றாவது வழி மின்சாரம். அந்தப் பையன் தொடங்கிய இடம் இதுதான். ஆணிகளை நேரே மண்ணில் ஊன்றினால் உப்பும் உரமும் ஏமாற்றும் என்பதை அறிந்தே, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆராய்ச்சியாளர் புயூக்கோசு என்பவர், மிக் என்பவரோடு சேர்ந்து, 1940-ஆம் ஆண்டில் ஜிப்சக் கட்டியைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். இரு கம்பிகளை ஜிப்சத்துக்குள் பதித்து மண்ணில் புதைத்தால், கட்டி மண்ணோடு ஈரத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஜிப்சமே சிறிது கரைந்து நிற்பதால், மண்ணில் உள்ள உப்பின் சிறு வேறுபாடுகள் அளவைப் பெரிதும் குலைப்பதில்லை. கடலோரத்து உவர் நிலத்தில் மட்டும் இதனையும் முழுவதும் நம்பலாகாது. அவரே 1949-ஆம் ஆண்டில் ஜிப்சத்துக்குப் பதிலாக நைலான் துணியைப் பயன்படுத்தினார் என்பது நம் நெசவாள நண்பர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். மண்ணின் ஈரத்தை அளக்கத் துணியும் கருவியாயிற்று. தஞ்சைப் பொம்மை செய்வோர் பயன்படுத்தும் பாரிசுச் சாந்தைக் குழைத்து மருந்துப் புட்டியின் மூடியில் வார்த்தால், எந்த மாணவனும் இக்கட்டியைச் செய்துவிடலாம். மின்தடையை அளக்கும் மீட்டர் மின்சாரப் பொருள் கடையில் கிடைக்கும். கம்பியில் மின்சாரத்தை நெடுநேரம் ஓட விடாமல், விரைந்து அளவெடுத்து நிறுத்திவிட வேண்டும், அதுவே எச்சரிக்கை.

நான்காவது வழி நிறம். கோயம்புத்தூரில் 1912-ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் கரும்பு இனப்பெருக்க நிறுவனம், மண் ஈரப்பதங்காட்டி ஒன்றை உருவாக்கியுள்ளது. இரு கம்பிகளை மண்ணில் ஊன்றியதும் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்னும் நான்கு விளக்குகளில் ஒன்று எரியும். நீலமானால் ஈரம் மிகுதி; பச்சையானால் போதும்; ஆரஞ்சானால் நீர் விடுவது நலம்; சிவப்பானால் உடனே விட வேண்டும். பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் நெல் வயலுக்கெனப் பரப்பிய டென்சியோமீட்டரிலும் வண்ணப் பட்டைகள் உண்டு. குழாயில் நீர் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கும்போது பாசனம் செய்தால் போதும். எண்ணைப் படிக்காதவரும் நிறத்தைப் படிப்பர் என்பதே இவ்விரண்டின் சிறப்பு.

ஐந்தாவது வழி மிக எளியது. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பியதும், நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பதுமான வயல் நீர்க்குழாய் அது. சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப் பகுதியில் துளையிட்டு, அப்பகுதியை நெல் வயலில் புதைத்து, உள்ளே உள்ள மண்ணை எடுத்துவிட வேண்டும். வயலின் மேல் நீர் மறைந்தாலும் குழாய்க்குள் நீர் தெரியும். அது தரைமட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும் வரை அஞ்ச வேண்டுவதில்லை. பூக்கும் பருவத்தில் மட்டும் நீரை நிறுத்தியே வைக்க வேண்டும். ஓர் ஏக்கரில் 1 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் என்பது சுமார் 40,000 லிட்டர். ஒரு முறை 5 சென்டிமீட்டர் நீர் மிச்சமானால் 2 லட்சம் லிட்டர். அது கடைமடையில் உள்ள ஒரு சகோதரனின் வயலுக்குப் போய்ச் சேரக்கூடியது. தலைமடையில் வாழும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் கடமையாகும்.

நிற்க. நம் கருத்துக்கு மூன்று மறுப்புகள் கூறப்படுவதைக் கேட்டிருக்கிறோம்.

"தயாராகவே கருவி கிடைக்கிறது, கைப்பேசியிலேயே ஈரம் தெரிகிறது, பிள்ளைகள் டப்பாவைச் சுமப்பானேன்?" என்பது முதலாவது. கருவி வாங்குவதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் கருவியின் எண் மெய்யா என்பதைத் தராசுதான் கூற வேண்டும். தராசு தெரியாத ஊரில் கருவி வைத்ததே சட்டம் ஆகிவிடும். நெற்களத்தில் நாம் கண்டது அதுதான்.

"டெல்டாவில் நீர் முறை வைத்து வருகிறது; முறை வரும்போது பாய்ச்சாமல் இருக்க முடியுமா? ஈரத்தை அறிந்து ஆவதென்ன?" என்பது இரண்டாவது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் மூழ்கும் சம்பாவுக்கு வடிகாலே கவலை, பாசனம் அன்று. எனினும், குழாய்க் கிணற்றை நம்பிய குறுவைக்கும், வாழைக்கும், கரும்புக்கும் நீர் விடும் நாளைத் தீர்மானிப்பவர் விவசாயியே. முறைப்பாசனத்திலும், அடுத்த முறை வரை வயல் தாங்கும் என்ற தெளிவு இருந்தால், அச்சத்தினால் பாய்ச்சும் நீர் குறையும். அண்டை வயற்காரரோடு நள்ளிரவில் மடையில் நடக்கும் சண்டையும் குறையும்.

"அனுபவம் இருக்கும்போது அளவை எதற்கு?" என்பது மூன்றாவது. இதுவே நாம் மிக மதிக்கும் மறுப்பு. இதற்கு விடையாக ஓர் உதாரணம் கூறுவோம். சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாட்கள் முன்னதாக, நிற்கும் நெல்லுக்கிடையே உளுந்தும் பயறும் தெளிப்பது நம் வழக்கம். அப்பயிருக்குப் பெரும்பாலும் மண்ணில் எஞ்சிய ஈரமே ஆதாரம். விதை விழும் நாளில் மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். முன்னதாகத் தெளித்தால் விதை அழுகும்; பிந்தினால் முளை காயும். அப்பதத்தைப் பெரியவர்கள் காலால் மிதித்தும், கையில் உருட்டியும் கண்டுகொள்கிறார்கள், பெரும்பாலும் தவறுவதில்லை. ஆனால் அவ்வறிவு அவர்கள் காலோடும் கையோடும் நிற்கிறது. பிள்ளைகள் படிக்கவும், பிழைக்கவும் வெளியூர் செல்கின்றனர். வயலை மேற்பார்க்கும் பொறுப்பு பல குடும்பங்களில் பெண்களிடமும், குத்தகைதாரரிடமும், அனுபவம் குறைந்த இளைஞரிடமும் வந்திருக்கிறது. அறுபது ஆண்டு அனுபவத்தை அவர்களுக்கு எவ்வாறு ஒப்படைப்பது?

நாம் கூறும் வழி இதுதான். பெரியவர் ஒருவர் "இன்று பதம்" என்று கூறும் அதே காலையில், மாணவர் அவ்வயலின் மண்ணை எடுத்து எடைபோட்டு எழுதி வைக்கட்டும். பத்து வயல்களில், ஐந்து ஆண்டுகள் எழுதட்டும். இவ்வூர்க் களி மண்ணில் மெழுகுப் பதம் என்பது இத்தனை சதவிகிதம் முதல் இத்தனை சதவிகிதம் வரை என்பது தெரிந்துவிடும். அதற்கேற்ப ஜிப்சக் கட்டியின் அளவுகளுக்கு நிறம் தீட்டி வைக்கலாம். அப்பொழுது அந்தப் பையனின் விளக்கு, பெரியவரின் கேள்விக்கு விடை கூறத் தொடங்கும். அளவை அனுபவத்தைத் தள்ளிவைக்க வரவில்லை. அனுபவத்தை எழுதி வைக்க வருகிறது.

ஆதலின் நம் சங்கங்களுக்குச் சில வேண்டுகோள்களை விடுக்கிறோம். சட்டமும் துணைவிதிகளும் இடந்தரும் அளவில், பொதுநல நிதியிலிருந்து அருகிலுள்ள பள்ளிக்கு ஒரு நல்ல தராசும், இருபது தகர டப்பாக்களும், உலர்த்தும் அடுப்பு ஒன்றும் வாங்கித் தரலாம். விவசாயச் சங்க அலுவலகத்தின் வாயிலில் ஒரு பலகை வைத்து, மாணவர் வாரந்தோறும் அளந்த ஈரத்தை வண்ணச் சுண்ணக்கட்டியால் குறிக்கச் செய்யலாம். நெசவாளர் சங்கங்கள், நூல் வரும் நாளில் ஒரு முறையேனும் மாணவரை அழைத்து, சிப்பத்தின் ஈரத்தை அவர்கள் கையாலேயே அளக்கச் செய்யலாம். அறுவடைக்குப் பின், வீட்டு நெல்லில் ஒரு பிடியைப் பள்ளித் தராசில் உலர்த்திப் பார்த்துவிட்டு மூட்டை கட்டும் வழக்கமும் வரலாம்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகக் கூறுகிறோம். மாணவர் எழுதும் எண் விவசாயிக்குத் துணையாக இருக்க வேண்டுமேயன்றி, கடனையோ காப்பீட்டையோ மறுப்பதற்கு எவர் கையிலும் ஆயுதம் ஆகிவிடக் கூடாது. ஒரு வயலின் எண் அவ்வயலுக்கு உரியவரின் இசைவின்றிப் பலகையில் ஏறலாகாது. நம்மைப் போன்ற அலுவலர்களுக்கும் இது பொருந்தும்.

இவ்வூருக்கு அருகிலுள்ள பழமார்நேரியில் 1864-ஆம் ஆண்டில் பிறந்த சர் பி. எஸ். சிவசாமி ஐயர், தம் செல்வத்தைத் திருக்காட்டுப்பள்ளியின் கல்விக்கு வழங்கினார். இவ்வூர்ப் பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் அளித்ததைப் போல் அளிக்க நம் சங்கங்களால் இயலாது. ஒரு தராசு அளிக்க இயலும். அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதற்கென ஒரு வரி சேர்க்கப்படுமானால், வரும் தை மாதத்தில் உளுந்து தெளிக்கும் முன், முதல் டப்பா மண் எடைபோடப்பட்டுவிடும்.